செட்டிநாட்டுப் பணமும் சிதம்பரத்துப் பல்கலைக்கழகமும்

(ரேணிகுண்டாவில் நம் சங்கப் படிப்பகத்தில் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் படத்தைத் திறந்துவைத்து ஆற்றிய உரை)



இந்தப் படத்தை இங்கே மாட்டுவது என்று செயற்குழுவில் பேச்சு வந்தபோது இளைஞர்கள் இருவர் எழுந்து எதிர்த்தார்கள். "கூலிக்காரர் சங்கத்தில் கோடீஸ்வரர் படமா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதை மழுப்பிவிட்டு ஒரு மாலையைப் போட்டுப் போக நான் வரவில்லை.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் 1881-ல் பிறந்தவர் அண்ணாமலை செட்டியார். 1920-ல் சிதம்பரத்தில் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். பிறகு தமிழுக்கு ஒரு கல்லூரி, சமஸ்கிருதத்துக்கு ஒன்று, இசைக்கு ஒன்று. தமிழ்க் கல்லூரிக்கு 1924-ல் முதல்வராக வந்தவர் உ.வே.சாமிநாதையர். அன்றைய சென்னை ராஜதானியில் 1857-ல் ஏற்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம் இருந்தது. 1926-ல் ஆந்திரப் பல்கலைக்கழகம் வந்தது. தெலுங்கருக்கு ஒன்று கிடைத்தபின் தமிழருக்கும் ஒன்று வேண்டும் என்ற குரல் பலத்தது. அப்போது செட்டியார் தம் கல்லூரிகளையும், கூடவே 20 லட்சம் ரூபாயையும் கொடுத்தார். 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. இன்றைக்கு 20 லட்சத்தில் திருப்பதிப் பக்கம் ஒரு சின்ன வீடு வாங்கவே திண்டாட வேண்டும். அன்றைக்கு அது ஒரு பல்கலைக்கழகத்துக்கு அஸ்திவாரம்.

சென்னையைப்போலப் பல ஜில்லாக் கல்லூரிகளைக் கட்டி மேய்க்கும் பல்கலைக்கழகமாக அது தொடங்கப்படவில்லை. மாணவரும் ஆசிரியரும் ஒரே இடத்தில் தங்கிப் படிக்கவும் படிப்பிக்கவும் ஏற்பட்ட சிறிய பல்கலைக்கழகம். 1948-ல் செட்டியார் மறைந்தபின் மகன் முத்தையா செட்டியார் இணைவேந்தரானார். 1984 வரை அவர். அதன்பின் பேரன் எம்.ஏ.எம். ராமசாமி, 2013 வரை அவர். 1920-லிருந்து எண்ணினால் 93 ஆண்டு, மூன்று தலைமுறை. தாத்தா தொடங்கியதைப் பேரன் விற்றுத் தின்னும் குடும்பங்களைத்தான் நாம் அதிகம் பார்த்திருக்கிறோம். இங்கே பேரன் காலத்தில் 1985-ல் மருத்துவக் கல்லூரி வந்தது. பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் கடல் உயிரியல் ஆராய்ச்சிக்கென்றே அந்தப் பல்கலைக்கழகம் தனியாக ஒரு நிலையம் வளர்த்திருக்கிறது.

சரி, பணம் எங்கிருந்து வந்தது?

நகரத்தார் கடல் கடந்து வட்டித் தொழில் செய்தவர்கள். பர்மாவில் ஐராவதி ஆற்று வடிநிலம் நெற்களஞ்சியம் ஆனதில் அவர்கள் கொடுத்த கடனுக்குப் பெரும்பங்கு உண்டு. ஒரு கணக்கைக் கேளுங்கள். 1930-ல் பர்மாவின் முக்கியமான 13 நெல் ஜில்லாக்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6. நெல் விலை விழுந்தது. பர்மியக் குடியானவனால் கடன் கட்ட முடியவில்லை. நிலம் கை மாறியது. 1938-ல் அது நூற்றுக்கு 25. இது ஒரு சமூகம் முழுவதற்குமான கணக்கு, ஒரு குடும்பத்தின் கணக்கு அல்ல. 1929-ல் கொடுத்த 20 லட்சம் அந்த விலைவீழ்ச்சிக்கு முந்திய பணம் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் வட்டி என்பது மரத்தில் காய்ப்பதல்ல. யாரோ நாற்று நட்டார்கள், யாரோ அறுத்தார்கள், யாரோ மூட்டை தூக்கினார்கள்.

ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் யார்? பெரும்பாலும் இந்த ஆந்திரக் கடற்கரையிலிருந்து கப்பலேறிய தெலுங்குக் கூலிகள். நம் தமிழ்க் கூலிகளும் அந்த நாட்டில் வயலிலும் ஆலையிலும் உழைத்தார்கள். 1930 மே மாதம் ரங்கூனில் துறைமுக வேலைநிறுத்தத்தை ஒட்டி மூண்ட கலவரத்தில் வெட்டுப்பட்டுச் செத்தவர்கள் அந்தத் தெலுங்குத் தொழிலாளிகள். 1942-ல் ஜப்பான் படை வந்தபோது லட்சக்கணக்கில் இந்தியர்கள் காடும் மலையும் நடந்து ஊர் திரும்பினார்கள். வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கு இல்லை. பிழைக்கப் போன இடத்தில் நாம் யார் என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல தோழர்களே!

அதனால்தான் இந்தப் படத்தின் கீழே இரண்டு வரி எழுதி வைத்திருக்கிறோம். "கொடுத்தவர் இவர். இந்தக் கொடைக்குப் பின்னால் கடல் கடந்து உழைத்த, பெயர் தெரியாத ஆயிரமாயிரம் பேர்." எதிர்த்த இளைஞர்களும் இதை ஒப்புக்கொண்டார்கள்.

அப்படியானால் படமே எதற்கு என்றால், எனக்குத் தோன்றும் காரணம் ஒன்றுதான். அந்தக் காலத்தில் பணம் வைத்திருந்தவர்கள் பலர். அரண்மனை கட்டினார்கள், கும்பாபிஷேகம் செய்தார்கள். செட்டியாரும் அரண்மனை கட்டியவர்தான்! ஆனால் கல்லூரி என்பது கட்டியவர் சொல் கேட்டு நிற்கிற கட்டடம் அல்ல. இவர் வெள்ளைக்காரரிடம் சர் பட்டமும் ராஜா பட்டமும் வாங்கியவர். இவர் கட்டிய வகுப்பறையில் 1940-களில் தமிழ் படித்தவர்கள் நெடுஞ்செழியனும் அன்பழகனும். அங்கே படித்துக் கம்யூனிஸ்ட் ஆனவர் பாலதண்டாயுதம். ராஜாவின் கல்லூரியில் ராஜாக்களுக்கு வேலை இல்லை என்று சொல்லும் அரசியல் முளைத்தது. 1965 ஜனவரி 27-ந் தேதி இந்தித் திணிப்பை எதிர்த்த ஊர்வலத்தில் போலீஸ் சுட்டுச் செத்தானே ராஜேந்திரன், அவன் அந்தப் பல்கலைக்கழக மாணவன். கொடுத்தவர் நினைத்ததைத் தாண்டி வளர்கிற கொடைதான் பெரிய கொடை.

இன்னொருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. 1931-ல் அங்கே முதல் தமிழ்ப் பேராசிரியராக வந்தவர் சுவாமி விபுலானந்தர். இலங்கையில் மட்டக்களப்புப் பக்கத்துக் காரைதீவுக்காரர், துறவி, விஞ்ஞானமும் படித்தவர். பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஊர் திருவேட்களம். மாலை நேரத்தில் இந்தப் பேராசிரியர் அந்த ஊர்ச் சேரிக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். பகலில் பல்கலைக்கழகம், மாலையில் சேரி! 1947-ல் வெளியான யாழ் நூல் பழந்தமிழ் இசைக்கு அவர் செய்த பெரிய உழைப்பு. அதைப் பண்டிதர்கள் போற்றட்டும். நான் கும்பிடுவது சேரிக்கு நடந்த கால்களை. இங்கே இரவுப் பாடம் நடத்தும் நம் பெண்பிள்ளைகளும் அந்த வழியில்தான் நடக்கிறார்கள்.

தமிழிசை இயக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. மேடையில் தமிழ்ப் பாட்டும் ஒலிக்க வேண்டும் என்று செட்டியார் 1940-களில் பாடுபட்டார். நாம் தெலுங்கு மண்ணில் சோறு தின்கிறோம். தெலுங்குக் கீர்த்தனை நமக்குப் பகை அல்ல. தாய்மொழியில் பாடக் கூச்சப்படாதே என்பதுதான் அதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

இனிக் கசப்பான பக்கம். கொடுத்ததற்கு மரியாதை உண்டு. அதிகாரம் பரம்பரையாக வரலாமா? இணைவேந்தர் பதவி நிறுவியவர் குடும்பத்துக்கே என்று சட்டத்திலேயே இருந்தது. துணைவேந்தராக வரத்தக்கவர் பட்டியலும் அவர்கள் கையிலிருந்துதான் போக வேண்டும். கணக்குக் கேட்க ஆளில்லாத இடத்தில் என்ன நடக்கும்? தேவைக்கு மேல் ஆயிரக்கணக்கில் ஆட்கள் சேர்ந்து, 2012-ல் சம்பளம் கொடுக்கவே பணமில்லை என்ற நிலை. ஆட்குறைப்பு, சம்பள வெட்டு என்று பேச்சு வந்ததும் ஆசிரியர்களும் ஊழியர்களும் போராட்டத்தில் இறங்கினார்கள். 2013 ஏப்ரலில் தமிழக அரசு தன் அதிகாரியை நிர்வாகியாகப் போட்டது. அதே ஆண்டு புதுச் சட்டம் வந்தது. பரம்பரை அதிகாரம் முடிந்தது. உபரி ஊழியர்கள் பலர் வேறு அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் மாற்றப்பட்டார்கள். மருத்துவ மாணவர்கள் மட்டும் அதற்குப் பிறகும் அதிகக் கட்டணம் கட்டினார்கள். வாரக்கணக்கில் போராடினார்கள். 2021-ல் அந்தக் கல்லூரி கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆயிற்று.

அரசு எடுத்தது சரி என்பது என் கட்சி. ஆனால் அரசு எடுத்தவுடன் பாலும் தேனும் ஓடிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். நம்மைத் தொட்ட விஷயத்தையே பாருங்கள். 1979-ல் அந்தப் பல்கலைக்கழகம் தபால் வழிக் கல்வி தொடங்கியது. பத்தாவதோடு வேலைக்கு வந்தவனும், பிள்ளை பெற்றபின் படிக்க நினைத்த தாயும் பட்டம் வாங்க வழி திறந்தது. ஆனால் 2014-15-க்குப் பிறகு அந்தத் தொலைதூரப் படிப்புகளுக்குத் தன் அங்கீகாரம் இல்லை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் அறிவித்தது. வயிற்றைக் கட்டிக் கட்டணம் கட்டியவர்களுக்கு வயிற்றில் புளி கரைந்தது. ஆகவே எந்தப் பல்கலைக்கழகமானாலும் சரி, நீங்கள் சேருகிற படிப்புக்குச் சேருகிற ஆண்டில் அங்கீகாரம் உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பணம் கட்டுங்கள். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

மூன்று தலைமுறையாகக் கொடுத்த குடும்பம் செட்டியார் குடும்பம் மட்டும்தானா? அதோ பத்துக் கிலோமீட்டரில் திருப்பதி. அங்கே 1954-ல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் ஏற்பட்டது தேவஸ்தானம் கொடுத்த நிலத்தாலும் நிதியாலும். தேவஸ்தானத்துக்கு ஏது பணம்? உங்கள் பாட்டி மஞ்சள் துணியில் முடிந்துவைத்து, நடந்து மலையேறி, உண்டியலில் போட்டாளே, அந்தக் காசும் அதில் இருக்கிறது. உங்கள் அம்மா போட்டாள், நீங்களும் போடுகிறீர்கள். உங்கள் குடும்பமும் மூன்று தலைமுறையாக ஒரு பல்கலைக்கழகத்தைத் தாங்கியிருக்கிறது! அதற்கு யாரும் படம் மாட்டவில்லை. அந்த வாசலுக்குள் நம் பிள்ளைகள் எத்தனை பேர் போகிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டியவர்கள் நாம்.

அதற்காகத்தான் படிப்பு நிதி ஒன்றைத் தொடங்குகிறோம். வீட்டுக்கு மாதம் 50 ரூபாய். முதல் உரிமை, பன்னிரண்டாவது முடித்துக் கல்லூரிக் கட்டணத்துக்கு வழியில்லாமல் நிற்கும் பெண்பிள்ளைகளுக்கு. நிதிக்குப் பரம்பரைப் பொறுப்பாளர் யாரும் கிடையாது. ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல். வரவு செலவு மாதாமாதம் நம் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் வரும். உறுப்பினர் படிவம் பொருளாளரிடம் இருக்கிறது. எழுதச் சிரமப்படுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் படிப்பகத்துக்கு வாருங்கள். நான் உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன். பிள்ளையின் மதிப்பெண் தாளை மறக்காமல் கொண்டுவாருங்கள்.