காசு என்று எண்ணினார்கள்
(ஆதரவாளர் கூட்டத்தில் நம் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருப்போரோடு உட்கார்ந்திருப்பது என் ஊழியத்தில் ஒரு பெரும்பங்கு. ஒருநாள் இரவு அங்கே ஒரு பாட்டியம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். மூன்று வயதுப் பேரன் எதையோ விழுங்கிவிட்டான். "காசுதான்னு நினைச்சேன் ஐயரே. கீழே இறங்கட்டும்னு வாழைப்பழம் கொடுத்தேன். எச்சில் வடிய ஆரம்பிச்சதும் தூக்கிட்டு ஓடி வந்தேன். நானே பிள்ளையைக் கெடுத்துட்டேனே" என்றார்கள்.

எக்ஸ்ரேயில் வட்டத்தின் ஓரம் இரட்டை வளையமாகத் தெரிந்தது. அது காசு அல்ல, பொம்மைக்குள் போடும் பட்டன் பேட்டரி.

காசு உணவுக்குழாயில் நின்றால், பிள்ளை சிரமமின்றி இருக்கும் பட்சத்தில், டாக்டர்கள் சில மணி நேரம் பொறுத்துப் பார்க்கலாம். பேட்டரிக்கு அந்தத் தவணை இல்லை. ஈரச் சதையில் மின்சாரம் பாய்ந்து கடுமையான காரம் உண்டாகிறது. 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். ஆகவே வயிற்றில் பழம் இருந்தும் காத்திருக்க முடியவில்லை. மயக்க நிலையில் அது மேலே வந்து நுரையீரலுக்குள் போகாதபடி மூச்சுக்குழாயில் டியூப் வைத்து, பிறகு எண்டாஸ்கோப் வழியே பார்த்து, இடுக்கியால் பேட்டரியை எடுத்தார்கள்.

இந்தக் கலையை வளர்த்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் டாக்டர் செவாலியர் ஜாக்சன் (1865–1958). அவர் சேர்த்துவைத்த 2,374 பொருள்கள் பிலதெல்பியாவின் மூட்டர் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஊசி, ஆணி, பொத்தான், காசு எல்லாம் அதில் உண்டு. எடுப்பதோடு அவர் நிற்கவில்லை. காரப்பொருள் டப்பாக்களில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று போராடினார். 1927-ல் அது சட்டமாயிற்று.

நாமும் தடுக்கலாமே! வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பழமோ சோற்று உருண்டையோ கொடுக்காதீர்கள். பேட்டரி என்று சந்தேகித்தால், ஒரு வயது தாண்டிய, விழுங்க முடிகிற பிள்ளைக்கு 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம். அதை வழியில் கொடுங்கள். அதற்காக வீட்டில் தாமதிக்க வேண்டாம்.

பாட்டியம்மாவிடம் நான் சொன்னது இதுதான்: "அம்மா, பழம் கொடுத்தது அறியாமை. தூக்கிக்கொண்டு ஓடி வந்தீர்களே, அதுதான் பிள்ளையைக் காப்பாற்றியது."

அந்த இரவில் டாக்டரும் நர்சுகளும் ஆயத்தமாய் இருந்தது உங்கள் காணிக்கைகளால். இன்னும் ஒன்று கேட்கிறேன்: இச்செய்தியை உங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் ஒருமுறை வாசியுங்கள். எங்கோ ஒரு பாட்டி அடுத்த முறை வாழைப்பழத்தைத் தேடாமல் வண்டியைத் தேடுவார்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.