குத்தகைதாரர் போன பிறகு



தலைமை உரை நீண்டால் முதல் அமர்வின் நேரம்தான் கரையும். ஆகவே வரவேற்புரையில் சொன்னவற்றை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு அந்த நிலத்தை வெவ்வேறு நாடுகள் எப்படி ஆள்கின்றன என்று பேச வந்திருக்கிறோம். இரண்டு நாளும் வாசிக்கப்படவுள்ள கட்டுரைகளின் சுருக்கங்களைப் படித்தேன். உழைப்பு தெரிகிறது. ஆனால் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை: பக்கவாட்டில் நாடுகளின் பெயர்கள், மேலே சட்டக்கூறுகள், கட்டத்துக்குக் கட்டம் ‘உண்டு’, ‘இல்லை’. மூடல் திட்டம் உண்டு, பிணைத்தொகை உண்டு, மேல்மண் பாதுகாப்பு உண்டு. இந்த அட்டவணையை நம்பினால் உலகில் சுரங்கத்தைச் சரியாக மூடாத நாடே கிடையாது.

இதற்கு மாற்றாக ஒன்று சொல்கிறேன். ஒவ்வொரு நாட்டிலும் உரிமையாளர் நொடித்துப்போன அல்லது கைகழுவிவிட்டுப் போன ஒரு சுரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் அங்கே யார் வந்து நின்றார்? யாருடைய பணத்தோடு? எத்தனை ஆண்டுகளுக்கு? ஒரு நாட்டின் சுரங்கச் சட்டம் எப்படிப்பட்டது என்பதை அங்கேதான் படிக்க முடியும். சட்டப் புத்தகத்தில் அது பாதிதான் இருக்கும்.

கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில், யெல்லோநைஃப் நகரை ஒட்டி, ஜயன்ட் தங்கச் சுரங்கம் இருக்கிறது. 1948-இல் உற்பத்தி தொடங்கியது. தங்கம் அங்கே ஆர்சனிக் கலந்த தாதுவில் சிக்கியிருந்ததால் தாதுவை வறுத்துத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. வறுக்கும்போது எழுந்த புகையில் இருந்தது ஆர்சனிக் டிரையாக்சைடு. புகையிலிருந்து பிடித்த தூளைச் சுரங்கத்தின் அறைகளிலேயே போட்டு அடைத்து வைத்தார்கள். 1999-இல் அதை நடத்திவந்த ராயல் ஓக் நிறுவனம் நொடித்தபோது நிலத்தடியில் 2,37,000 டன் தூள் இருந்தது. தண்ணீரில் கரையக்கூடிய நஞ்சு அது. மேலே நகரம், பக்கத்தில் பெரிய ஏரி. பொறுப்பு கூட்டாட்சி அரசின் தலையில் விழுந்தது. அரசின் வல்லுநர்கள் கண்ட வழி, தூள் கிடக்கும் அறைகளையும் சுற்றியுள்ள பாறையையும் உறைய வைப்பது. குளிர்காலத்தில் நிலத்தடி வெப்பத்தை வெளியே கொண்டுவந்துவிடும் குழாய்களை இறக்கி அதைச் செய்கிறார்கள். 2022-இல் வெளியான மதிப்பீட்டின்படி மொத்தச் செலவு 438 கோடி கனடிய டாலர்.

செலவைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 2013-இல் அங்குள்ள சுற்றுச்சூழல் மறுஆய்வு வாரியம் போட்ட நிபந்தனைகள். உறைய வைப்பதை நிரந்தரத் தீர்வாக அது ஏற்கவில்லை. அதிகபட்சம் நூறு ஆண்டு. இருபது ஆண்டுக்கு ஒருமுறை சுதந்திரமான மறுஆய்வு. நிலையான தீர்வுக்கான ஆராய்ச்சி நடந்துகொண்டே இருக்க வேண்டும். அரசுக்கு வெளியே ஒரு கண்காணிப்புக் குழுவும் வேண்டும். நிறுவனம் ஐம்பது ஆண்டுகளில் தங்கம் எடுத்து முடித்துப் போய்விட்டது; காவல் காக்கும் வேலைக்கு மட்டும் நூறாண்டு வாய்தா, அதுவும் தற்காலிகமாக. மூடல் திட்டம் உண்டு என்ற கட்டத்துக்குள் இது எப்படி அடங்கும்?

இன்னொரு வகைக் கணக்கு வேல்ஸ் நாட்டில் நடந்தது. 1966 அக்டோபர் 21 அன்று அபர்ஃபான் கிராமத்தின் மேலிருந்த நிலக்கரிக் கழிவு மேடு சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. இறந்தவர் 144 பேர், அவர்களில் 116 பேர் குழந்தைகள். விசாரணை மன்றம் தேசிய நிலக்கரி வாரியத்தின் மேல் பழியைப் போட்டது. ஆனால் மலைமேல் மிச்சமிருந்த மேடுகளை அகற்றும் செலவு யாருடையது என்ற கேள்வி எழுந்தபோது, உலகெங்கும் இருந்து அந்தக் குடும்பங்களுக்காக மக்கள் அனுப்பிய நிவாரண நிதியிலிருந்து 1,50,000 பவுண்டு எடுத்துக்கொள்ளப்பட்டது. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்காக வந்த பணத்தைக் கொண்டு, பிள்ளைகளைக் கொன்ற வகை மேட்டை அகற்றினார்கள். 1997-இல்தான் அரசு அதைத் திருப்பித் தந்தது, வட்டி இல்லாமல். இந்த விபத்தையொட்டி 1969-இல் பிறந்த கழிவு மேடுகள் சட்டம் நல்ல சட்டமாகவே பாராட்டப்பட்டது. ஆனால் அது சுரங்கங்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்தை மனத்தில் வைத்து எழுதியது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின, மேடுகள் நின்றன. 2020 பிப்ரவரிப் புயல்மழையில் டைலர்ஸ்டவுனில் பழைய மேடு ஒன்று சரிந்து ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கியது. கைவிடப்பட்ட மேடுகளுக்கு 1969 சட்டம் போதாது என்று 2022-இல் சட்ட ஆணையம் அறிக்கை தந்தது.

பணத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டால் தீர்ந்தது என்பார்கள். எந்தப் பணம் என்று கேட்க வேண்டும். அமெரிக்காவில் 1977-ஆம் ஆண்டுச் சட்டம் நிலக்கரி நிறுவனங்கள் பிணை கட்டாமல் தோண்டக் கூடாது என்றது. ஆனால் பெரிய நிறுவனங்களுக்கு ‘சுய பிணை’ என்ற சலுகையையும் வைத்திருந்தது: ‘எங்கள் நிதிநிலை நன்றாக இருக்கிறது’ என்று காட்டிவிட்டால் ரொக்கமோ வங்கி உத்தரவாதமோ தேவையில்லை. கடன் வாங்குகிறவனே தனக்கு ஜாமீன் கையெழுத்தும் போட்டுக்கொள்வதைப் போல. 2015, 2016-இல் ஆல்ஃபா, ஆர்ச், பீபாடி என்று பெரிய நிலக்கரி நிறுவனங்கள் வரிசையாகத் திவால் மனு போட்டபோதுதான் அந்தக் கையெழுத்தின் மதிப்பு என்ன என்ற பதற்றம் எல்லாருக்கும் வந்தது. அதே நாட்டில் தங்கம், செம்பு முதலிய கடினப்பாறைச் சுரங்கங்களுக்கு 1872-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் உயிரோடிருக்கிறது என்பதையும் ஒப்பிடுவோர் மறந்துவிடக் கூடாது. ஒரு நாட்டுக்கு ஒரே வரிசை என்ற அட்டவணை இங்கேயே உடைகிறது.

மேற்கு ஆஸ்திரேலியா 2012-இல் வேறு வழி எடுத்தது. தனித்தனிப் பிணை வேண்டாம்; எல்லா நிறுவனங்களும் தங்கள் சீரமைப்புச் செலவின் மதிப்பீட்டில் ஆண்டுக்கு 1 சதவீதத்தைப் பொது நிதியில் போட வேண்டும் என்றது. நிறுவனங்களுக்கு முதல் முடங்காது. அரசுக்குக் கையில் கொஞ்சம் பணம் சேரும். 2015-இல் எலண்டேல் வைரச் சுரங்கத்தின் கலைப்பு அதிகாரி குத்தகையையே உதறிவிட்டபோது, அந்தச் சுரங்கம் நிதிக்குக் கட்டியிருந்த தொகை அதைச் சீரமைக்கத் தேவைப்பட்டதன் பக்கத்தில்கூட வரவில்லை. பொது நிதி என்றால் அப்படித்தான், ஒருவர் விட்டுப்போனதை மற்றவர்கள் சுமப்பார்கள். அது நியாயமா என்பதை இரண்டாம் அமர்வு பேசட்டும். எனக்கு அதில் பெரிய மறுப்பில்லை.

ஜெர்மனியின் ரூர் பகுதிதான் என்னைப் பொறாமைப்பட வைக்கிறது, கொஞ்சம் அஞ்சவும் வைக்கிறது. நூற்றாண்டுகளாக நிலக்கரி எடுத்ததில் நிலம் அமிழ்ந்துவிட்டது. பம்புகளை நிறுத்தினால் அந்தப் பகுதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீரில் மூழ்கும் என்கிறார்கள். சுரங்கநீரை இறைப்பதும் அமிழ்ந்த நிலத்திலிருந்து நீரை வெளியேற்றுவதும் நிலத்தடி நீரைத் துப்புரவு செய்வதும் முடிவே இல்லாத வேலைகள். ஜெர்மானியர்கள் அதை ஒளிக்காமல் ‘நித்தியப் பணிகள்’ என்றே ஆவணங்களில் எழுதுகிறார்கள். கடைசிச் சுரங்கம் போட்ரோப்பில் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. அதற்குப் பதினோரு ஆண்டு முன்பே, 2007-இல், இந்தச் செலவுக்கென்றே ஓர் அறக்கட்டளையை நிறுவிவிட்டார்கள். எவோனிக் என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் பங்குகள் அதன் முக்கியச் சொத்து. ஆக, ரூர் மக்களின் வீட்டுக்குள் தண்ணீர் வராமலிருப்பது ஒரு வேதிப்பொருள் நிறுவனத்தின் ஈவுத்தொகையோடு பிணைந்திருக்கிறது. பற்றாக்குறை வந்தால் அரசுகள் ஈடுகட்டும் என்று ஒப்பந்தம் இருக்கிறது. இருந்தாலும் நித்தியத்துக்குப் பங்குச்சந்தை போதுமா?

நம் நாட்டு விதிகளில் பெரிய சுரங்கங்களுக்கான நிதி உத்தரவாதம் ஹெக்டேருக்கு ஐந்து லட்சம் ரூபாய், ஏனையவற்றுக்கு மூன்று லட்சம் என்று 2021-இல் திருத்தப்பட்ட 2017 விதிகள் சொல்கின்றன. பரப்பை வைத்துத்தான் கணக்கு. குழியின் ஆழமோ, கழிவில் என்ன கலந்திருக்கிறது என்பதோ கணக்கில் இல்லை. கனடா, சிலி போன்ற நாடுகள் மூடலின் முழுச் செலவை மதிப்பிட்டு அதற்கு உத்தரவாதம் கேட்கும்போது நாம் நிலத்தை அளந்துகொண்டிருக்கிறோம். கல்குவாரிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2017 வறட்சியில் சென்னைக்கு மாங்காடு அருகே சிக்கராயபுரம் குவாரிக் குட்டைகளின் தண்ணீர் குடிநீராக வந்தது. கைவிட்ட குழி ஊருக்கு உதவியதற்கு அது சாட்சி. எந்த மூடல் திட்டமும் அதை எதிர்பார்த்து எழுதப்படவில்லை என்பதற்கும்தான்.

விடுவிப்பு என்ற கேள்விக்கு வருகிறேன். நிறுவனத்தை எப்போது போக விடுவது? தென்னாப்பிரிக்கா 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மூடல் சான்றிதழ் கிடைக்கும்வரை பொறுப்பு நீங்காது என்றது; பின்னர் வந்த திருத்தம் சான்றிதழ் கிடைத்த பிறகும் நீங்காது என்றது. கேட்க அருமை. நடந்தது என்ன? விடுதலையே கிடையாது என்றால் மூடுவானேன்? பெரிய நிறுவனங்கள் வற்றிய சுரங்கங்களைச் சிறிய நிறுவனங்களுக்கு விற்றன, சிறியவை நொடித்தன. கனடாவின் சஸ்காட்செவன் மாகாணம் நேர்மாறாக யோசித்தது. அங்கே 2007 முதல் நடப்பில் உள்ள ஏற்பாட்டின்படி, சீரமைத்து நிலைபெற்ற இடத்தை மாகாணமே ஏற்றுக்கொள்ளும். பராமரிப்புக்கு ஒரு தொகை, எதிர்பாராத நிகழ்வுக்கு ஒரு தொகை என்று நிறுவனம் கட்டிவிட்டுப் போகலாம். க்ளஃப் லேக் யுரேனியச் சுரங்கம் 2002-இல் உற்பத்தியை நிறுத்தி, 2023-இல்தான் மாகாணத்தின் பொறுப்பில் சேர்ந்தது. இருபது ஆண்டு ஆனது. ஆனால் கதவு இருந்தது. கதவு இருக்கிறது என்று தெரிந்தவன்தான் அதை நோக்கி நடப்பான். என் சாய்வு சஸ்காட்செவன் பக்கம்.

கடைசியாக, மூடிய சுரங்கம் மூடியே இருக்கும் என்று நாம் எடுத்துக்கொள்வதைப் பற்றி. தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபொன்டெய்ன் வைரச் சுரங்கம் 1970-களின் தொடக்கத்திலேயே மூடிவிட்டது. பின்னாளில் அதன் பழைய கழிவை மறுபடி அலசி வைரம் எடுக்கத் தொடங்கினார்கள். 2002-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்பே கொட்டப்பட்ட கழிவு மேடு அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2007-இல் உயர் நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்திருந்தது. ஆகவே சுரங்கத் துறைக்கு அங்கே அதிகாரமில்லை என்றாயிற்று. 2022 செப்டம்பர் 11 அன்று கழிவு அணை உடைந்து சேறு வீடுகளை அடித்துச் சென்றது, உயிர்ச்சேதமும் ஏற்பட்டது.

இதைக் கேட்கும்போது கோலார் தங்கவயல் எத்தனை பேருக்கு நினைவு வருகிறது? மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாக இறங்கிய அந்தச் சுரங்கத்தில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களின் பிள்ளைகள் இன்றும் சயனைடு கலந்த கழிவு மேடுகளின் அடியில்தான் குடியிருக்கிறார்கள், காற்றடித்தால் தூசு வீட்டுக்குள் வரும். சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. மூடல் திட்டம் கட்டாயம் என்ற விதி வந்தது 2003-இல். இரண்டு ஆண்டு வித்தியாசத்தில் தங்கவயல் சட்டத்துக்கு வெளியே நின்றுவிட்டது. இப்போது அந்தக் கழிவில் மிச்சமிருக்கும் தங்கத்துக்காக 13 மேடுகளை மறுபடி அலசும் திட்டத்துக்கு 2024-இல் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்திருக்கிறது. அலசிய பிறகும் மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட அந்தக் கழிவில் கிட்டத்தட்ட முழுவதும் அங்கேயே எங்கோ கிடக்கத்தான் போகிறது. அதற்குப் பொறுப்பு யாருடையது, எத்தனை ஆண்டுகளுக்கு, எந்தப் பணத்தில் என்பது ஏலப் பத்திரத்தில் வரியாக எழுதப்பட வேண்டும். எழுதப்படும் முன் இந்த அவை ஒரு வரைவைத் தயாரித்து அனுப்பினால் நம் இரண்டு நாள் உழைப்புக்கு அது போதும். அந்த வரைவுக்கென நாளை மாலை நான்கு மணியை ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன்.

முதல் கட்டுரை தென்னாப்பிரிக்காவின் மூடல் சான்றிதழைப் பற்றியது. கட்டுரையாளர் மேடைக்கு வரலாம். இருபது நிமிடம், மணி அடித்தால் நிறுத்திவிட வேண்டும்.