பிறர் எழுத்தில் கைவைத்தல்

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்தப்பெற்ற உரை)



ஒழுக்கத்தைப் பற்றி ஏதாவது பேசவேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். பெரிய ஒழுக்கங்களைப் பற்றி இம்மேடையிலே ஆண்டுதோறும் கேட்டுவருகிறீர்கள். ஆகவே நான் சிறிய ஒழுக்கம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். ஒருவர் எழுதியதை மற்றொருவர் திருத்தும்போது கைக்கொள்ளவேண்டிய ஒழுக்கம் அது. சிறியது என்று சொன்னேனாயினும், அதிலே தவறியதனால் நேர்ந்த ஒரு நட்டத்தை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன்.

முன்னாளில் எழுதுபவர் ஒருவர், திருத்துபவர் ஒருவர், அச்சுக் கோப்பவர் ஒருவர் என்று இருந்தது. இன்று ஒரே கட்டுரையை நீங்கள் பத்துப் பேர் கூடிக் கணினியிலே எழுதுகிறீர்கள். கொழும்பிலிருப்பவர் ஒரு பந்தி எழுத, கனடாவிலிருப்பவர் அன்றிரவே அதை வெட்டிவிடுகிறார். வசதி பெரிதுதான். ஆனால் எழுதியவரின் முகத்தைப் பாராமலே அவருடைய சொல்லை மாற்றிவிடலாம் என்பதும் அந்த வசதியோடு சேர்ந்தே வந்திருக்கிறது.

என் கதையை முதலிற் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு மலரைத் தொகுக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. பதினாறு வயது மாணவன் ஒருவன் தன் ஊர் வைரவர் கோயிலைப் பற்றிக் கட்டுரை எழுதிக் கொண்டுவந்தான். ஆலமரத்தடிக் கோயில், சூலத்தைத் தவிர வேறு திருவுருவம் இல்லை. அங்கே பூசை செய்யும் கிழவரோடு பல மாலைகள் இருந்து, அவர் சொன்னவற்றைச் சொன்னபடியே எழுதியிருந்தான். நாலு புத்தகம் படித்த செருக்கிலே நான் ‘வைரவர்’ என்று வந்த இடமெல்லாம் ‘பைரவர்’ ஆக்கினேன். ‘மடை’யைப் ‘படையல்’ ஆக்கினேன். மடையிலே வைக்கும் பண்டங்களுக்கு அக்கிழவர் வழங்கிய ஏழெட்டுப் பெயர்கள் எனக்கு விளங்கவில்லை. விளங்காதவற்றை வெட்டிவிட்டு, ‘பலவகைப் பணியாரங்கள்’ என்று எழுதினேன். மலர் வெளிவந்தது. நல்ல நடை என்று பலரும் பாராட்டினர். பையன் அதைக் கொண்டுபோய்க் கிழவருக்கு வாசித்துக் காட்டினான். முழுவதையும் பொறுமையாகக் கேட்ட அவர், “இது எந்தக் கோயிலைப் பற்றினது, மோனை?” என்று கேட்டாராம். இதைப் பையன் கோபமில்லாமலே என்னிடம் வந்து சொன்னான். அதன்பின் அவன் எங்களுக்கு ஒரு வரிதானும் எழுதித் தரவில்லை.

நிற்க. இந்த ஒழுக்கத்தை நான் வெளியிலே தேடவேண்டியிருக்கவில்லை. நல்லூர் ஆறுமுக நாவலர் இளமையிலே பார்சிவல் பாதிரியாருக்குத் துணையாயிருந்து விவிலியத்தைத் தமிழாக்கும் பணியைச் செய்தார். அம்மொழிபெயர்ப்பு 1850 இல் அச்சாகியது. அதற்கு முன்பே, 1848 இல், அவர் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிவிட்டார். மிஷனரிமாரின் பிரசாரத்தை அவரைப்போல எதிர்த்தவர் யார்? ஆயினும் தாம் உடன்படாத ஒரு சமயத்தின் நூல் தம் கையில் இருந்தபோது அவர் அதன் தமிழைச் செப்பஞ் செய்தார். கண்டனத்தை வேறாக எழுதினார். இந்த இரண்டையும் ஒன்றோடொன்று கலவாமல் வைத்திருந்த திறத்தை நாவலரைப் புகழ்வோர்கூட அதிகம் எடுத்துச் சொல்வதில்லை.

சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1881 இல் வீரசோழியத்தையும், 1887 இல் கலித்தொகையையும் அச்சிட்டார். தொட்டால் ஒடியும் ஏடுகளை வைத்துக்கொண்டு செய்த வேலை அது. அதே 1887 இலேதான் உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை வெளியிட்டார். ஏடு எழுதியவர்கள் கைபோனபடி எழுதியிருப்பர். ஒரே அடி ஓர் ஏட்டில் ஒருவிதமாகவும் மற்றோர் ஏட்டில் வேறுவிதமாகவும் இருக்கும். ஐயர் தமக்குச் சரியெனப் பட்டதை மேலே வைத்து, மற்றதைப் பாடபேதம் என்று கீழே காட்டினார். தாம் தள்ளிய சொல்லையும் வாசிப்பவன் கண்ணுக்குத் தெரியும்படி வைத்தார். அவருடைய தெரிவு பிழையாயின், பின்வந்தவன் அதைத் திருத்திக்கொள்ளலாம்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். புறநானூற்றை ஐயர் 1894 இல் பதிப்பித்தார். நானூறு என்று பெயர் பெற்ற அந்நூலிலே 267 ஆம், 268 ஆம் பாட்டுக்கள் கிடைக்கவில்லை. கிடைத்தவற்றிலும் பலவற்றுக்கு அடிகள் சிதைந்துபோயின. ஐயரோ மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் பாடங்கேட்டவர். செய்யுள் இயற்ற வல்லவர். இரண்டு பாட்டு எழுதிச் சேர்ப்பது அவருக்கு ஒரு காலைப்பொழுது வேலை. அவர் அதைச் செய்யவில்லை. சிதைந்த அடிகளுக்குப் புள்ளியிட்டார்; இல்லாத பாட்டை இல்லை என்றே விட்டார். அந்த வெற்றிடத்தைப் பார்க்கும்போதெல்லாம், விளங்காத இடத்திலே ‘பலவகைப் பணியாரங்கள்’ என்று எழுதிய என் கைதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

இதற்கு மாறாக நடந்தவர்களும் உண்டு. கம்பராமாயணத்திலே பிறர் பாடிச் செருகிய பாட்டுக்கள் பல. பதிப்பாசிரியர்கள் அவற்றைப் பொறுக்கி எடுத்து மிகைப்பாடல்கள் என்று ஒதுக்குவதற்குப் பட்ட பாடு கொஞ்சமன்று. செருகியவர்கள் கம்பனுக்குப் பகைவர்கள் அல்லர், அன்பினாலேயே செய்திருப்பார்கள். பிறர் எழுத்தைக் கெடுப்பவர்களிலே பெரும்பாலோர் அதை நேசிப்பவர்களே என்பது என் அநுபவம்.

இனி உங்கள் காலத்துக்கு வருகிறேன். தமிழ் விக்கிப்பீடியா 2003 இல் தொடங்கியது. ஆரம்பகாலந் தொட்டு அதனை வளர்த்தவர்களுள் இலங்கையரான மயூரநாதன் முன்னின்றவர். அங்கே ஒரு கட்டுரை எவர் ஒருவருக்கும் சொந்தமன்று; யாரும் திருத்தலாம். இதைக் கேட்டபோது, சந்தையிலே கிடக்கும் பொருள்போல ஆகிவிடுமே என்று நான் அஞ்சினேன். பின்னர் ஓர் இளைஞர் பக்கத்திலிருந்து காட்டியபோதுதான் அதிலுள்ள கட்டுப்பாடு விளங்கியது. ஒவ்வொரு திருத்தமும் நாளும் நேரமும் செய்தவரின் அடையாளமும் கூடிய வரலாறாகப் பதிந்துகிடக்கிறது. வெட்டிய சொல் மறைவதில்லை, வேண்டுமானால் மீட்டுக்கொள்ளலாம். ஏன் மாற்றினோம் என்பதைச் சுருக்கமாக எழுதிவைப்பது அங்கே வழக்கம். கட்டுரைக்குப் பக்கத்திலே உரையாடலுக்கு ஓர் இடம் உண்டு. அங்கே ஒருவர் கையொப்பமிட்டு எழுதியதை மற்றவர் மாற்றலாகாது; எழுத்துப் பிழையைக்கூடத் தொடாமல் விடுவதே மரியாதை. பொதுக் கட்டுரை எல்லாருடையது. ஒப்பமிட்ட சொல் அவரவருடையது. இவ்வளவு தெளிவான வேறுபாட்டை எங்கள் மலர்க்குழுக்களிலே நான் கண்டதில்லை. ஒருவர் பெயரைக் கட்டுரையின் தலையிலே அச்சிட்டுவிட்டு, அவர் சொல்லாத கருத்தை அதனுள்ளே வைக்க நாங்கள் கூசுவதில்லையே!

பிழைக்கும் வழக்குக்கும் உள்ள வேற்றுமையையும் நீங்கள் அறிந்திருத்தல் வேண்டும். நாம் ஓகஸ்ட் என்று எழுத, தமிழகத்தார் ஆகஸ்டு என்பர். நாம் பெற்றோல், றப்பர் என்போம். அவர்கள் பெட்ரோல், ரப்பர் என்பார்கள். ‘பால் குடித்தான்கள்’ என்று ஒருவர் எழுதினால் அது பிழை, திருத்துங்கள். ‘றப்பர்’ பிழையன்று. அதைத் திருத்துகிறவன் ஒரு சொல்லையல்ல, எழுதியவனுடைய ஊரையே அழிக்கிறான். தமிழகத்தார் எழுத்திலே நாம் கைவைக்கும்போதும் இது பொருந்தும்.

எழுதுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிலர் தம் எழுத்திலே ஒற்றுப்பிழையைத் திருத்தினாலும் முகத்தைத் தூக்கிக்கொள்வர். வருடம் பிழைத்திருந்தால் திருத்தியவருக்கு நன்றி சொல்லுங்கள். கருத்தை மாற்றினால் கேளுங்கள். அவர் காரணஞ் சொல்லக் கடமைப்பட்டவர்.

என் கதைக்கு மீள்கிறேன். அந்தப் பையனுடைய கையெழுத்துப் பிரதியை நான் பேணி வைக்கவில்லை. மலர் அச்சானதும் மற்றக் கடதாசிகளோடு அதுவும் போய்விட்டது. மூலத்தை வைத்திருந்தால் என் திருத்தம் வெறும் அசட்டுத்தனமாக முடிந்திருக்கும். மூலம் போனபடியால் அது அழிவாகிவிட்டது. கிழவர் காலமாகிவிட்டார். அந்த ஊர்க்காரர் பலர் இடம்பெயர்ந்து போயினர். கோயிலிலே இன்று மடை போடுகிறவர்களுக்கு அந்தப் பெயர்கள் தெரியவில்லை.

பையன் இப்போது வெளிநாட்டில் இருக்கிறார், பிள்ளைகுட்டிக்காரர். சென்ற ஆண்டு அவருடைய விலாசத்தைத் தேடிப் பிடித்து, நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டு, அந்தப் பெயர்களைக் கேட்டு எழுதினேன். மறுமொழி வந்தது. அவருக்கு ஞாபகத்தில் இருந்தவை இரண்டு மாத்திரமே. மற்றவற்றுக்காக அவர் தாளிலே இடம் விட்டிருந்தார். அந்தத் தாளை அப்படியே இவ்வாண்டு மலரின் ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறேன்.