உங்க மெயிலைப் பூட்டி வச்சிருக்கீங்களா?



ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கிறேன். உங்க ஃபோன்ல இருக்கிற மெயில் ஐடியோட பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியுமா? வெளியே சொல்லாதீங்க, மனசுக்குள்ள நினைச்சுப் பாருங்க. பலருக்குத் தெரியாது. ஃபோன் வாங்கின கடையில யாரோ போட்டுக் கொடுத்திருப்பாங்க.

"எனக்கு யாரு மெயில் அனுப்பப் போறா? அதைத் திருடி என்ன பண்ணுவாங்க?" என்று கேட்கலாம். ஃபேஸ்புக்கிலோ, பொருள் வாங்கும் செயலியிலோ 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று தட்டினால், புது பாஸ்வேர்டு போடுவதற்கான இணைப்பு எங்கே வருகிறது? உங்க மெயிலுக்குத்தான். அப்படின்னா மெயில் ஒருத்தர் கைக்குப் போனால், மற்ற கணக்குகளும் ஒவ்வொன்றாகப் போகலாம். மெயில் என்பது வீட்டுச் சாவிக்கொத்து மாதிரி. ஃபோன்ல எடுத்த படங்கள், ஆதார் நகல், தொடர்பு எண்கள் எல்லாம் பெரும்பாலும் அந்த ஒரே கணக்கில்தான் இருக்கு.

சாவிக்கொத்து எப்படிப் பறிபோகுது? பல நேரம் நாமளே கொடுத்துடறோம். வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கப் போன இடத்துல, பாஸ்வேர்டை அங்கே இருக்கிற நோட்டில் எழுதிவிட்டு வர்றோம். வேறொருவர் கணினியில் மெயிலைத் திறந்துவிட்டு, 'லாக் அவுட்' செய்யாமல் எழுந்து வர்றோம்.

இன்னொரு வழி, பயமுறுத்தல். "மின் கட்டணம் செலுத்தவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும்" என்று ஒரு எஸ்எம்எஸ் வரும். கீழே ஒரு செல்பேசி எண் இருக்கும். பதறிப்போய்க் கூப்பிட்டால், "இந்த ஆப்பைப் போடுங்க" என்பார்கள். அது உங்க ஃபோன் திரையை அவங்களுக்குக் காட்டுற ஆப். அதுக்கப்புறம் வர்ற ஓடிபியை நீங்க சொல்லவே வேண்டாம், அவங்களே படிச்சுக்குவாங்க.

இன்றைக்கே பத்து நிமிடம் ஒதுக்கி இதைச் செய்யுங்க. ஜிமெயில் ஆப்பில் மேலே வலது பக்கம் இருக்கும் உங்க படத்தைத் தொட்டு, கூகுள் கணக்குக்குள் போங்க. அங்கே 'செக்யூரிட்டி' பகுதியில்:

1. வேறு எங்கும் பயன்படுத்தாத, நீளமான பாஸ்வேர்டை வையுங்கள். பிறந்த தேதி, பிள்ளைகள் பெயர் வேண்டாம்.

2. 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' என்பதை இயக்குங்கள். பாஸ்வேர்டு தெரிந்தாலும், உங்கள் ஃபோன் சம்மதம் இல்லாமல் புதிதாக யாரும் எளிதில் நுழைய முடியாது.

3. 'யுவர் டிவைசஸ்' பட்டியலைப் பாருங்கள். உங்களுடையது அல்லாத கருவி இருந்தால் வெளியேற்றுங்கள்.

4. மீட்பு எண் இப்போது நீங்கள் பயன்படுத்தும் எண்தானா என்று பாருங்கள்.

மெயிலை யாராவது ஏற்கெனவே திறந்திருப்பாங்க என்று சந்தேகம் இருந்தால், இன்னொன்றும் பாருங்க. கணினியில் ஜிமெயில் செட்டிங்ஸைத் திறந்து, 'ஃபார்வர்டிங்' பகுதியில் தெரியாத முகவரி இருந்தால் நீக்குங்கள். அதை விட்டுவிட்டால், பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் உங்க மெயில் அவங்களுக்குப் போய்க்கிட்டே இருக்கும்.

மூணு விஷயத்தை வீட்டுல பெரியவங்களுக்கும் சொல்லிக் கொடுங்க. பணம் வாங்க யுபிஐ பின் நம்பர் தேவையே இல்லை. 'டிஜிட்டல் கைது' என்று நம் சட்டத்தில் ஒன்று கிடையாது, வீடியோ காலில் போலீஸ் உடையில் யார் வந்தாலும் துண்டித்துவிடுங்கள். நண்பர் மெயிலிலிருந்து "ஆஸ்பத்திரியில் இருக்கேன், அவசரமா பணம் வேணும்" என்று வந்தால், முதலில் அவரை ஃபோனில் கூப்பிட்டுக் கேளுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு பணம் போயிருச்சா? உடனே 1930-க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் கொடுக்கலாம். போன பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே இருக்கும். வெளியே எடுக்கிறதுக்குள்ள தகவல் போனால், அதை நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு. ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, ஓடிபியை நாமே சொல்லி ஏமாந்திருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு நடக்கும் இழப்பு வங்கியின் பொறுப்பு. அதனால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

அந்த நிமிடங்களை வீணாக்குவது பெரும்பாலும் வெட்கம்தான். "வீட்ல திட்டுவாங்க" என்று ரெண்டு நாள் மறைச்சா, மோசடிக்காரருக்குத்தான் லாபம். ஏமாந்தவங்க முட்டாள் இல்லை, அவங்களைத் திட்டாதீங்க. பக்கத்துல உட்கார்ந்து முதல்ல 1930-க்கு அடிச்சுக் கொடுங்க.