ஒரே பந்தி

(கல்விச் சங்க வெள்ளி விழாவில் நிகழ்த்திய உரை)



நம் கல்விச் சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்திருக்கும் இவ்வேளையில், ஏரிக்கரைப் பிள்ளைகள் தங்கிப் படிப்பதற்கு ஓர் இல்லம் அமைக்க வேண்டும் என்னும் எண்ணம் நம்மிடையே வலுப்பெற்று வருகிறது. நிலத்தைக் குறித்தும் நிதியைக் குறித்தும் பலர் பேசிவிட்டனர். அவ்வில்லத்தினுள் வாழ்க்கை எவ்வாறு நடைபெற வேண்டும் என்பதைக் குறித்தே நாம் இங்குச் சில சொல்ல விரும்புகிறோம். கட்டிய சுவர் கோணலானால் இடித்துக் கட்டலாம். கோணலான வழக்கம் ஊன்றிவிட்டால் அதை மாற்றுவது எளிதன்று.

நம் ஏரியே நமக்கு முதற்பாடம். வலையிடும் இடங்களைப் 'பாடு' என வகுத்து, இன்ன நாளில் இன்னார் என்று முறை வைத்துத் தொழில் செய்யும் வழக்கம் இங்குத் தலைமுறை தலைமுறையாக நிலவி வருகிறது. மீன் மிகுந்த இடத்தை வலியவர் சிலரே வளைத்துக்கொள்ளாதபடி காக்கும் நல்லேற்பாடு அது. ஆயினும் அம்முறையில் இடம்பெற இன்ன ஊரில், இன்ன குலத்தில் பிறந்திருக்க வேண்டும். உள்ளிருப்போர்க்குச் சமநீதி, வெளியில் நிற்போர்க்கு வேலி. வேலிக்கு வெளியே நின்ற நம் மக்களும் இருளர் மக்களும் சேற்றைக் கையால் துழாவி இறால் தேடினர். பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, நீரில் நகர்ந்து நகர்ந்து இறால் பிடிக்கும் இருளர் பெண்களை நாம் அறியாதவர்கள் அல்லோம். முறை நேர்மையாக இருந்தால் மட்டும் போதாது. அம்முறைக்குள் யார் வரலாம் என்பதும் நேர்மையாக இருத்தல் வேண்டும் என்பதே ஏரி நமக்குக் கற்பித்த பாடம்.

பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இல்லத்திலும் இதே வினா தமிழகத்தில் முன்பு எழுந்ததுண்டு. வ.வே.சு. ஐயர் 1922இல் தொடங்கி, சேரன்மாதேவியில் நடத்திய குருகுலம் நாட்டுப்பற்றையும் தமிழையும் வளர்க்க எழுந்த நிறுவனம். காங்கிரசின் நிதியும் பொதுமக்கள் நன்கொடையும் அதற்குத் துணைநின்றன. அங்கே பிராமணச் சிறுவர் இருவர்க்குத் தனியே உணவு பரிமாறப்பட்டது. பெற்றோரின் விருப்பம் என்றும், இருவர்தாமே என்றும் சமாதானம் சொல்லப்பட்டது. வரதராசுலு நாயுடுவும் ஈ.வெ.ராமசாமியும் அதை ஏற்கவில்லை. பொதுப்பணத்தில் நடக்கும் இல்லத்தில் பிறப்பைக் காட்டிப் பிள்ளைகளைப் பிரித்து உண்பிப்பது தகாது என்று வாதிட்டனர். வழக்கு காந்தியடிகள் வரை சென்றது. 1925இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அவ்வாண்டின் இறுதியில் ஈ.வெ.ரா. காங்கிரசை விட்டு வெளியேறியதன் பின்னணியிலும் அந்தப் பந்தி இருந்தது. இரண்டு இலைகளைத் தள்ளிப் போட்டதால் ஒரு நாட்டின் அரசியலே திசை திரும்பியது.

ஒடுக்கப்பட்டோர் தாமே எழுப்பிய இல்லங்களின் வரலாறு இதனினும் நமக்கு அண்மையானது. சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விச்சாலை கண்டார். அண்ணல் அம்பேத்கரின் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை 1925இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி தொடங்கியது. அதே அண்ணல் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, மறு ஆண்டு பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தபோது அதன் கதவை எல்லாச் சாதியார்க்கும் திறந்துவைத்தார். கதவடைக்கப்பட்டு வெளியே நின்றவர், தாம் கட்டிய வீட்டில் எவர்க்கும் கதவடைக்கவில்லை. நாம் பின்பற்ற வேண்டிய வழி அதுவே.

அவ்வாறாயின் நம் வாயிலுக்கு யார் யார் வருவர்? நம் சேரிப் பிள்ளைகள் வருவர். குப்பத்து மீனவர் பிள்ளைகள் வருவர். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளமையால் தெலுங்கு பேசும் பிள்ளைகள் வருவர். பழவேற்காட்டு முசுலிம், கிறித்தவ இல்லங்களிலிருந்து வருவர். எல்லார்க்கும் மேலாக, இவ்வில்லம் யார்க்கு இன்றியமையாததோ அந்த இருளர் பிள்ளைகள் வருவர். கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதன் பின்னும் முன்பணம் பெற்றுச் செங்கற்சூளைக்கும் அரிசி ஆலைக்கும் குடும்பத்தோடு செல்லும் இருளர்கள் உளர். பெற்றோர் சென்றால் பிள்ளையின் படிப்பும் நின்றுவிடும். அத்தகைய பிள்ளையிடம் சாதிச் சான்றிதழைக் கேட்டு, இல்லையெனில் திருப்பியனுப்பினால் நாமும் வேலி போட்டவர்களே ஆவோம். முதலில் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வோம். பிறகு சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நாமே நடப்போம்.

உள்ளே வந்த பிள்ளைக்குச் சமத்துவம் கண்ணில் படும் இடங்கள் சிலவே. பந்தியில் வந்தவர் வந்த வரிசையில் அமர வேண்டும்; இல்லப் பொறுப்பாளரும் அதே பந்தியில் அதே உணவை உண்ண வேண்டும். தண்ணீர்ப் பானையும் குவளையும் பொதுவாக இருக்க வேண்டும். துடைப்பமும் கழிப்பறையும் முறை வைத்து எல்லார் கைக்கும் வர வேண்டும். பெற்றோரின் தொழிலைப் பார்த்து வேலையைப் பகிரும் வழக்கம் தலைகாட்டக் கூடாது. சமையற்கட்டு பெண்பிள்ளைகளுக்கு, விளையாட்டு ஆண்பிள்ளைகளுக்கு என்னும் பிரிவினையும் வேண்டா. எந்தப் பிள்ளையையும் குலப்பெயராலோ ஊனத்தாலோ அழைத்தலாகாது.

சமத்துவம் என்பது எல்லாரையும் ஒரே அச்சில் வார்ப்பதன்று. எழுத்தறியாமல் ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிள்ளைக்கு மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கற்பித்தல் சலுகையன்று, கடமை. தெலுங்குப் பிள்ளையின் மொழியைப் பிறர் எள்ளாமல் நாலு சொல் கற்றுக்கொள்ளட்டும். நடக்க இயலாப் பிள்ளைக்குப் படிக்கு அருகில் சாய்தளம் அமைப்போம். தொழுகைக்கும் செபத்துக்கும் தடையில்லை. எவர் மீதும் எதையும் திணிக்க வேண்டா.

சட்டமும் இதையே பணிக்கிறது. அரசியலமைப்பின் 17ஆம் கூறு தீண்டாமையை ஒழித்தது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், சாதி, பால், பிறந்த இடம், ஊனம் எதனாலும் குழந்தையிடம் வேற்றுமை காட்டலாகாது என்கிறது. அரசு நலத்துறை விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதிகள் எனப் பெயரிடப்படும் என 2025 ஜூலையில் தமிழக முதலமைச்சர் அறிவித்தார். பெயர்ப்பலகை மாறுவது நன்று. ஆயினும் 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவர்தம் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டதை நினைவிற் கொள்க. வெட்டியவர்களுள் அதே பள்ளியின் பிள்ளைகளும் இருந்தனர். பலகையும் சட்டமும் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் தாமாகப் புகா. நாள்தோறும் உடனிருந்து உண்டு, உடனிருந்து பெருக்கி, உடனிருந்து படிக்கும் பழக்கமே அங்கே புகும்.

இளைஞர்களே, நம்மைப் பிரித்து உட்கார வைத்தவர்களை நாம் நன்கறிவோம். நம்மைவிட எளியவர் நம் வாயிலில் வந்து நிற்கும்போது நாம் என்ன செய்கிறோம் என்பதைக் கொண்டே நம் விடுதலையை உலகம் அளக்கும். ஆகவே ஒரே பந்தி, ஒரே பானை, முறை வைத்த துடைப்பம், வேலியில்லாத வாயில் ஆகிய நான்கையும் இல்லத்தின் விதிகளில் முதற்பக்கத்தில் எழுதிவைக்குமாறு இவ்வவையை வேண்டிக் கேட்டுக்கொள்கிறோம்.