லயத்து வீடும் செக்ரோல் பெயரும்

(தொழிற்சங்கக் கிளையின் ஞாயிறு வகுப்பில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



தோட்டத்து வீட்டு வசதியைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். கிராணி மேடையேறினால் பின்வரிசையில் முணுமுணுப்பு எழுவது பழைய வழக்கம். அந்த முணுமுணுப்புக்குக் காரணம் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நான் கிராணி வீட்டில் பிறந்தவன் அல்லன். லயத்தில் பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்து, செக்ரோல் எழுத வந்தவன். ஆகவே ஒழுகும் கூரையின் கீழே படுத்திருக்கிறேன்; அந்தக் கூரையைப் பற்றிய கணக்கையும் எழுதியிருக்கிறேன். இரண்டையும் வைத்துத்தான் பேசப்போகிறேன்.

லயம் என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆயினும் பட்டணத்துப் பிள்ளைகள் சிலர் வந்திருப்பதால் சொல்கிறேன். ஒரே நீளக் கட்டடம். அதைப் பத்து, பன்னிரண்டு அறைகளாகத் தடுத்து, அறைக்கு ஒரு குடும்பம் வைத்தார்கள். முன்னால் அஞ்சடி, பின்னால் அடுப்பு. நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் விறகு புகைந்தால் அடுத்த வீட்டுக் குழந்தை இருமும். புருஷன் பெண்சாதி பேசுகிற பேச்சும் மூன்றாவது வீடு வரைக்கும் போகும். தண்ணீருக்குப் பொதுப் பீலி, கக்கூசுக்கு வெளியே நடை. முதுகோடு முதுகு சேர்த்துக் கட்டிய லயங்களில் பின்பக்கக் காற்றும் இல்லை.

இப்படிக் கட்டியது சிக்கனத்துக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். விடியுமுன் பிரட்டுக்கு ஆள் வரவேண்டும். யார் வந்தான், யார் வரவில்லை என்பது தண்டலுக்கு உடனே தெரியவேண்டும். அந்த வேலைக்கு நீளக் கட்டடம்தான் வசதி. குடும்பம் வாழும் இடம் என்று எண்ணிக் கட்டியவர்கள் குறைவு. ஆளை வைக்கும் இடம் என்று எண்ணிக் கட்டியவர்களே அதிகம்.

நல்லது நடக்கவே இல்லை என்று சொல்லமாட்டேன். 1901-ல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பை வடித்து, கால்வாய் வெட்டி, கொசுவை ஒடுக்கிக் காய்ச்சலைக் குறைத்துக் காட்டினார். தோட்டங்களும் அந்த வழியைப் பின்பற்றின. லயத்தைச் சுற்றி லோங்கான் வெட்டுவது, அதில் எண்ணெய் அடிப்பது, புல்லை மழிப்பது எல்லாம் அப்படி வந்த பழக்கங்களே. வேலையாள் செத்துக்கொண்டிருந்தால் பால் வெட்ட ஆள் இல்லை என்ற கணக்கும் அதில் இருந்தது. கணக்கு எதுவாயினும் உயிர் பிழைத்தது நமக்கு லாபம்.

ஜப்பான்காரன் காலத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1941 டிசம்பர் 8-ல் கோத்தா பாருவில் ஜப்பானியப் படை இறங்கியது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் வீழ்ந்தது. இடைப்பட்ட பத்து வாரங்களில் தோட்டங்களை விட்டுத் துரைமார் போய்விட்டனர். ரப்பரைக் கப்பலேற்றிய மேல்நாடுகளுக்கு வழி அடைபட்டது. வேலை இல்லை என்றால் சம்பளம் இல்லை. சம்பளம் இல்லை என்றால் அரிசி இல்லை. மரங்களை வெட்டிச் சாய்த்து மரவள்ளி நட்டார்கள். துணி கிடைக்காமல் சாக்கை உடுத்தினார்கள். லோங்கானைத் தூர் வாருவார் இல்லை, எண்ணெய் அடிப்பார் இல்லை. கொசு திரும்பியது, காய்ச்சல் திரும்பியது, கொயினா கிடைக்கவில்லை. நாற்பது வருடப் பாடுபட்டுச் சேர்த்த சுகாதாரம் மூன்றரை வருடத்தில் பாழ்பட்டது.

என் அப்பாவைப் பெற்ற பாட்டி அப்போது சிறுமி. அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். ஒருநாள் லாரி வந்தது. லயத்து ஆண்களில் பாதிப் பேரைச் சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போனார்கள். பாட்டியின் தகப்பனாரும் அதில் ஒருவர். சயாமையும் பர்மாவையும் இணைத்த அந்தப் பாதை 415 கிலோமீட்டர்; 1943 அக்டோபரில் முடிந்தது. அதில் மாண்ட மலாயாத் தமிழர்களின் எண்ணிக்கையை யாரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை. பாட்டியின் தகப்பனார் திரும்பவில்லை. இனி, லயத்தில் மிஞ்சியவர்கள் கதை. செக்ரோலில் ஆள் பெயர் இல்லை, ஆகவே பங்கீட்டில் அவர் பங்கும் இல்லை. "வேலைக்கு ஆள் இல்லாத வீட்டைக் காலி செய்" என்று பொறுப்பில் இருந்தவர் சொன்னாராம். பாட்டியின் தாயார் மூன்று பிள்ளைகளோடு அடுத்த அறைக்காரரிடம் போய் ஒண்டிக்கொண்டார். ஒரு அறையில் ஒன்பது பேர். மழைக்காலத்தில் ஒழுகாத மூலையில் பிள்ளைகளைப் படுக்கவைத்து, பெரியவர்கள் அஞ்சடியில் உட்கார்ந்தே விடியும்வரை இருப்பார்களாம். காலியான அறையின் பலகையைப் பிடுங்கி அடுப்பெரித்தார்கள் என்றும் சொன்னார். "திருட்டுதானே பாட்டி?" என்று நான் சிறுவனாக இருந்தபோது கேட்டேன். "யாரோட பலகை ஐயா அது? எங்கப்பன் பதினஞ்சு வருசம் அதுக்குள்ளதானே இருந்தாரு" என்றார்.

தோழர்களே, "யாரோட பலகை" என்று பாட்டி கேட்டதை மனத்தில் வையுங்கள். போரை நான் இழுத்து வந்ததற்குக் காரணம் அதுதான். கூரையை ஓட்டையாக்கியது போர். ஆனால் கூரைக்குக் கீழே இருக்கும் உரிமையைச் செக்ரோல் பெயரோடு கட்டிவைத்தது போர் அன்று. அது முன்னமே இருந்தது, பின்னரும் இருந்தது.

1945 செப்டம்பரில் வெள்ளைக்காரர் திரும்பினர். மரங்களைத் திரும்ப வெட்டத் தொடங்கியது சீக்கிரம் நடந்தது. துரு ஏறிய சிங்கு தகட்டை மாற்றுவது சீக்கிரம் நடக்கவில்லை. மரம், ஆணி, சிமெண்டு எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு என்பது உண்மையே. ஆனால் 1950, 1951-ல் கொரியாப் போரினால் ரப்பர் விலை ராத்தல் இரண்டு வெள்ளியைத் தாண்டியபோது அந்தச் சாக்கும் போய்விட்டது. அப்போதாவது லயங்கள் எழுந்தனவா? சில நல்ல நிர்வாகங்கள் தனித்தனி வீடுகள் கட்டின; அவற்றுக்கு உரிய பெருமையைக் கொடுக்கலாம். மற்றப் பல இடங்களில் முதலில் எழுந்தது முள்வேலி.

1948 ஜூனில் அவசரகாலச் சட்டம் வந்தது. 1950-ல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. காட்டோரத்துச் சீனக் குடியானவர்கள் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரைப் புதுக்கிராமங்களில் அடைத்ததை எல்லாரும் எழுதுகிறார்கள். தோட்டத் தொழிலாளர்களையும் லட்சக்கணக்கில் ஒன்றுகூட்டி வேலிக்குள் வைத்ததை எழுதுபவர்கள் குறைவு. தூரத்து டிவிஷன் லயங்களைக் காலி செய்து, ஆட்களைப் பெரிய லயத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தனர். இருந்த அறைகளில் நெருக்கியும், அவசரமாகக் கொட்டகை போட்டும் சமாளித்தார்கள். ஊரடங்கு, கேட்டில் சோதனை. காட்டிலுள்ளவனுக்குச் சோறு போய்விடும் என்று, வெட்டுக்குப் போகிறவன் மதியச் சோற்றைக் கட்டிக்கொண்டு போகவும் தடை. சில இடங்களில் வீட்டில் சோறாக்கவே விடாமல் பொது அடுப்பில் வேகவைத்துக் கொடுத்தார்கள். பாதுகாப்பு என்ற பெயரில் வீடு என்பதில் மிஞ்சியிருந்த அடுப்பும் போயிற்று. 1960 ஜூலையில் அவசரகாலம் முடிந்தது.

அதே ஐம்பதுகளில் இன்னொரு இடி விழுந்தது. வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களை விற்றனர். வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றனர். ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வாங்கியவனுக்கு லயம் எதற்கு? தண்ணீர் பம்பு யாருடையது? ஆசுபத்திரி யாருடையது? ஒரு கையெழுத்தில் ஒரு தோட்டம் முப்பது சொந்தக்காரர்களுடையதாயிற்று. தொழிலாளி யாருக்கும் சொந்தமில்லாதவனானான். உங்கு அஜீஸ் இதை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். 1960-ல் வீ.தி.சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகள் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்துக் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினர். அது பெரிய காரியம். ஆனால் துண்டாடப்பட்ட எல்லாத் தோட்டங்களையும் பத்துப் பத்து வெள்ளியால் வாங்கிவிட முடியுமா?

சட்டத்துக்கு வருகிறேன். தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம் 1966-ல் நிறைவேறியது. 1990-ல் அதன் இடத்தில் 446-ஆவது சட்டம் வந்தது. குடிநீர், மின்சாரம், பழுதுபார்ப்பு, ஆயாக் கொட்டகை, மருத்துவம் ஆகியவற்றோடு, தொழிலாளர்கள் பயிரிடவும் மாடு மேய்க்கவும் நிலம் ஒதுக்கவேண்டும் என்பதும் அதில் உண்டு. இங்கே எத்தனை பேருக்கு அது தெரியும்? 2019-ல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் தோட்டங்களுக்கு வெளியேயுள்ள தொழிலாளர் விடுதிகளுக்கும் அது விரிந்தது. சட்டம் மோசமான சட்டம் அன்று. ஆனால் அது வீடு எப்படி இருக்கவேண்டும் என்று சொல்லுகிறது. வீட்டில் நிலைத்து இருக்கும் உரிமையைக் கொடுக்கவில்லை. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது.

இதனால் என்ன ஆகிறது என்பதை ஆபீஸ் மேசையிலிருந்து நான் தினமும் பார்க்கிறேன். ஓர் அம்மா வருகிறார். "கிராணி ஐயா, கூரை ஒழுகுதுங்க" என்கிறார். "எழுதித் தாருங்கள் அம்மா" என்கிறேன். "எழுத வேண்டாமுங்க, சொல்லி வையுங்க போதும்" என்று போய்விடுகிறார். ஏன்? அவர் கணவருக்கு ஐம்பத்தெட்டு வயது. அறுபதில் ஓய்வு. ஓய்வுக்குப் பிறகும் மகன் வேலைக்குச் சேர்ந்தால்தான் அந்த வீட்டில் இருக்கமுடியும். இந்த நேரத்தில் புகார்க்காரர் என்று பெயர் வாங்க அவருக்கு மனமில்லை. கூரையைப் பற்றிப் பேசினால் அது வேலையைப் பற்றிய பேச்சாகி, வேலையைப் பற்றிய பேச்சு மகனைப் பற்றிய பேச்சாகிவிடுகிறது. ஆகவே வாளியை வைத்துச் சமாளிக்கிறார். நிர்வாகக் கணக்கிலோ அந்த வீட்டில் பழுதே இல்லை! ஏனெனில் எழுத்தில் ஒன்றும் வரவில்லை. வீடமைப்பு மேம்பாட்டுக்குத் தோட்டம் விற்கப்பட்ட இடங்களில், முப்பது வருடம் உழைத்தவர் கையில் ஒரு நோட்டீசோடு நின்றதையும் நாம் பார்த்தோம்.

பக்கத்து லயத்தையும் பாருங்கள். ரப்பரை அழித்துச் செம்பனை வைத்த பிறகு, நம்மவர் காலி செய்த அறைகளில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் இருக்கிறார்கள். "அந்நியத் தொழிலாளி வந்ததால் நம் மதிப்புக் குறைந்தது" என்று சிலர் பேசுகிறார்கள். அந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. நம் முப்பாட்டனை எந்த அறையில் எப்படி வைத்தார்களோ, அதே அறையில் அப்படியே அவனை வைத்திருக்கிறார்கள். அவன் வாய் திறந்தால் வீடு மட்டுமன்று, நாட்டைவிட்டே போகவேண்டியிருக்கும். அவன் கூரைக்காகவும் நாம் பேசாவிட்டால், நம் கூரைக்குப் பேசும்போது நிர்வாகம் அவனைக் காட்டி, "அவன் இருக்கிறானே" என்று வாயடைக்கும்.

ஆகையால், தனி ஆள் எழுதவேண்டாம், சங்கம் எழுதட்டும் என்று செயலவையில் ஒரு யோசனை வைத்திருக்கிறேன். ஒரு வீட்டைப் பற்றி எழுதினால் அது ஓர் ஆளின் புகார்; நூறு வீட்டையும் எழுதினால் அது தோட்டத்தின் கணக்கு. ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு தாள். வீட்டு எண், அறையின் அளவு, இருப்பவர் தொகை, கூரை, சுவர், பீலி, கக்கூசு, லோங்கான் ஆகியவற்றின் நிலை. அந்தத் தாளில் பெயர் இராது. கைத்தொலைபேசியில் படமும் தேதியோடு எடுத்துக்கொள்ளலாம். ஒரு பிரதி நிர்வாகத்துக்கு, ஒரு பிரதி தொழிலாளர் இலாகாவுக்கு, ஒரு பிரதி நமது கிளையில். ஓய்வு பெறுபவருக்கு வீட்டு மனையோ சொந்த வீடோ வேண்டும் என்று மேலிடம் பேச்சுவார்த்தை நடத்தும்போது, அறுபது வயதை நெருங்குபவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையும் அந்தத் தாளிலிருந்தே வரும். கையில் கணக்கில்லாமல் போனால், "எங்கள் தோட்டத்தில் அப்படிப்பட்ட பிரச்சினை இல்லை" என்று அவர்கள் சொல்வதற்கு நம்மிடம் பதில் இராது.

அடுத்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு மேல்லயத்திலிருந்து தொடங்குகிறோம். அளவு நாடா இரண்டு இருக்கிறது. இன்னும் இரண்டு வேண்டும். தாள்களை நான் கோடு போட்டுக் கொண்டுவருகிறேன். வங்காளதேசத் தோழர்கள் இருக்கும் லயத்துக்கு மலாய் நன்றாகப் பேசத் தெரிந்த இளைஞர் இருவர் தேவை. கை தூக்குகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.