பாட்டியைப் பேச விடுங்கள்

பட்டம் பெறும் இளம் நண்பர்களே,

இன்று முதல் நீங்கள் பேச்சுப் பயிற்சியாளர்கள், ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள், சிறப்பாசிரியர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாத மூன்று வயது மகனை அழைத்துக்கொண்டு ஒரு தாய் உங்கள் எதிரில் வந்து உட்காருவார். நீங்கள் சொல்வதுதான் அந்த வீட்டில் சட்டம். ஆகவே சொல்லும் முன் யோசிக்க வேண்டும்.

நம் துறை யோசிக்காமல் பேசிய காலம் உண்டு. 1943இல் அமெரிக்காவில் மனநல மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியபோதுதான் ஆட்டிசத்துக்குத் தனி அடையாளம் கிடைத்தது. அதன் பிறகு பல ஆண்டுகள், தாயின் பாசக்குறைவே காரணம் என்று நிபுணர்கள் அடித்துச் சொன்னார்கள். அவர்களில் ஒருவரான புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் அதைத் தனிப் புத்தகமாகவே போட்டார். அதற்கு முன்பே, 1964இல், இது உடல் சார்ந்த காரணங்களால் வருவது, வளர்ப்பால் அல்ல என்று வாதிட்டவர் பெர்னார்டு ரிம்லாண்ட். அவர் உளவியலாளர், ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அப்பாவும்கூட.

அந்தப் பழி ஒழிந்துவிட்டதா? நம்மூரில் வேறு வேஷத்தில் உலவுகிறது. “வீட்ல ரெண்டு மொழி பேசறதாலதான் குழந்தை குழம்புது. இனிமே இங்கிலீஷ் மட்டும் பேசுங்க.” இதைச் சொல்வது பக்கத்து வீட்டுக்காரர் மட்டுமல்ல, நம்மவர்களும்தான். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள குழந்தையின் பேச்சு மேலும் பின்தங்குகிறது என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரமில்லை.

ஆனால் அந்த வீட்டில் என்ன நடக்கிறது? அம்மாவுக்கு ஆங்கிலத்தில் வருவது கம், சிட், ஈட். பாட்டிக்கு அதுவும் வராது. குளிப்பாட்டும்போது வாய் ஓயாமல் பேசியவர், காக்காயைக் காட்டிச் சோறு ஊட்டியவர், பேரன் கெட்டுவிடுவானோ என்று வாயை மூடிக்கொள்கிறார். நாளெல்லாம் ஓடிய பேச்சு நின்று, செல்போனில் ஆங்கில ரைம்ஸ் ஓடுகிறது. பேச்சு வர வேண்டிய பிள்ளைக்கு இதுவா வைத்தியம்?

அந்தப் பையன் பேசுவதில்லை. தோசை வேண்டுமென்றால் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து அடுப்படிக்கு இழுக்கிறான். அந்த இழுப்பும் பேச்சுதான். அம்மா முழுத் தோசையையும் தட்டில் போடாமல் ஒரு துண்டைக் காட்டி, “தோசை” என்று சொல்லிக் கொஞ்சம் பொறுக்கட்டும். அவன் விரல் நீட்டினாலும், தோசைப் படத்தைத் தொட்டாலும், “தோ” என்றாலும் உடனே கொடுக்கட்டும். (பட்டினி போட்டுப் பேச வைக்கச் சொல்லவில்லை, அப்படிச் செய்பவர்களும் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்.) ஒரு தோசைக்குள் எத்தனை துண்டு, எத்தனை வாய்ப்பு! உங்கள் அறையின் முக்கால் மணி நேரத்தில் இது கிடைக்காது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் என்ற தொண்டு நிறுவனம் கிராமப் பணியாளர்களைப் பழக்கி வீடு தேடி அனுப்புவதும், நிபுணர்கள் அவர்களுக்கு வழிகாட்டுவதும் இதனால்தான்.

பேச்சுப் பயிற்சியோடு உங்கள் வேலை முடிவதில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசத்தையும் சேர்த்திருக்கிறது. அடையாள அட்டைக்கு வழிசொல்வதும் உங்கள் வேலையே. ஸ்டெம் செல் ஊசியில் சரியாகிவிடும் என்று சொல்லி லட்சக்கணக்கில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது பலன் தரும் என்பதற்கு ஆதாரமில்லை என்பதை, நகை அடகுக்கடைக்குப் போகும் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஒரு வேண்டுகோள். மதிப்பீட்டு அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் அது தேவை. கூடவே, வீட்டில் செய்ய வேண்டியதை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுங்கள். கொடுக்கும் முன் பாட்டிக்குப் படித்துக் காட்டுங்கள். அவருக்குப் புரியவில்லை என்றால் திருத்தி எழுதுங்கள்.